டீப் ஹவுஸும் டெக்னோவும்: இருவர் சேர்ந்து வாசிக்கும் பேக் டு பேக் செட்டுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு டிஜேக்கள் ஒரே மிக்ஸர் முன் நின்று, மாறி மாறி ட்ராக் போட்டு, இசை எங்கும் அறுந்துபோகாமல் ஒரே செட்டாகக் கொண்டுபோவதுதான் பேக் டு பேக். இருவரும் ஒரே வகை இசை வாசிப்பவர்கள் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒருவர் டீப் ஹவுஸ், இன்னொருவர் டெக்னோ என்றால் வேகம், பேஸ் (அடியில் ஒலிக்கும் தாழ் ஒலி), ஸ்விங் (அடி ஆடி விழும் விதம்), சுருதி என்று நான்கு இடங்களில் இடிக்கும். எங்கே இடிக்கும், ஏன் இடிக்கும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் அந்த நான்கையும் சமாளித்துவிடலாம். இரண்டு ட்ராக்கின் பீட்டைக் காதால் சேர்க்கத் தெரிந்து, ஆனால் இன்னொருவரோடு சேர்ந்து வாசித்துப் பழக்கம் இல்லாதவர்களுக்காக எழுதப்பட்டது இது.

தனியாக வாசிக்கும்போது உங்கள் அடுத்த ட்ராக் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அடுத்த ட்ராக் இன்னொருவர் கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ட்ராக்கின் கடைசி இரண்டு நிமிடம் பார்ட்னருக்கு வசதியாக இருக்குமா? கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

எங்கே இடிக்கும்

ஹவுஸ் சிகாகோவில் பிறந்தது. 1977இல் திறந்த வேர்ஹவுஸ் கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் வாசித்த இசையிலிருந்து அதன் பாதை தொடங்குகிறது. அதற்கு ஜாஸ் சாயலுள்ள கார்டுகளையும் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) மிதக்கும் பேஸையும் 1980களின் நடுவில் லாரி ஹெர்ட் போன்றவர்கள் சேர்த்தபோது டீப் ஹவுஸ் உருவானது. அதே காலத்தில் டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெக்னோவுக்கு அடித்தளம் போட்டார்கள். இரண்டு வகைக்கும் ரோலண்ட் டிஆர்-909 போன்ற அதே டிரம் மெஷின்கள்தான் முதுகெலும்பு. அதனால் இரண்டும் தூரத்து உறவு அல்ல. கலக்க முடியும், கலந்தால் அழகாகவும் இருக்கும்.

முதல் இடி, வேகம். டீப் ஹவுஸ் பெரும்பாலும் 118 முதல் 124 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி). டெக்னோ 126இல் தொடங்கி 135 வரை சாதாரணமாகப் போகும், இன்று அதற்கு மேலும் போகிறது.

இரண்டாவது, பேஸ். டீப் ஹவுஸில் கிக் (ஒவ்வொரு அடியிலும் விழும் கனத்த டிரம்) சிறியது, இரண்டு கிக்குகளுக்கு நடுவே பேஸ்லைன் பாடும். டெக்னோவில் பல ட்ராக்குகளில் தனி பேஸ்லைனே இருக்காது. கிக்கின் வால் ஒரு உறுமலாக நீண்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு பேர் சண்டை போடுவார்கள், ஸ்பீக்கரில் வெறும் சேறு கேட்கும்.

மூன்றாவது, ஸ்விங். புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. டெக்னோவின் ஹை-ஹாட் (சிம்பல் ஒலி) பொதுவாக நேராக விழும். டீப் ஹவுஸின் ஹை-ஹாட் சற்றுத் தாமதமாக, ஆடி விழும். 124 பிபிஎம்மில் ஸ்விங் 56 சதவீதம் (50 என்றால் நேர் அடி) என்றால், ஒன்று விட்டு ஒரு பதினாறாம் பாக அடி, நேரான அடியைவிடச் சுமார் 14 மில்லிசெகண்ட் பின்னால் வரும். கிக்குகள் கச்சிதமாகச் சேர்ந்திருந்தும் மேலே ஏதோ தடுமாறுவது போலக் கேட்பதற்கு இதுதான் காரணம். பீட் விலகிவிட்டது என்று நினைத்து ஜாகை (பிளேயரின் சக்கரத்தை) தள்ளினால் கிக்கும் கெட்டுப்போகும். ஒரு ட்ராக்கின் ஹை பகுதியை இக்யூவில் (ஹை, மிட், லோ ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) குறைப்பதுதான் சரியான வைத்தியம்.

நான்காவது, சுருதி. இது வேகத்தோடு பின்னியது, கொஞ்சம் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

முன்பே பேசி முடிவு செய்ய வேண்டியவை

எத்தனை ட்ராக்குக்கு ஒருமுறை மாறுவது என்பதுதான் முதல் பேச்சு. ஆளுக்கு ஒன்று என்ற முறை எல்லோரும் செய்வது. ஒரே வகை இசைக்கு அது நன்றாக இருக்கும். இந்த ஜோடிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மென்மையும் கடினமும் மாறி மாறி வந்தால் ஆடுகிறவர்களின் உடல் எதிலும் நிலைக்காது. ஆளுக்கு மூன்று என்று வையுங்கள். முதல் ட்ராக், பார்ட்னர் விட்ட மனநிலையைத் தொடர வேண்டும். இரண்டாவது உங்களுடையது, முழுக்க உங்கள் விருப்பம். மூன்றாவது, பார்ட்னரின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். டெக்னோ வாசிப்பவரின் மூன்றாவது ட்ராக்கில் ஒரு கார்டு இருக்கட்டும். டீப் ஹவுஸ் வாசிப்பவரின் மூன்றாவது ட்ராக்கில் குரல் வேண்டாம், கிக் கொஞ்சம் தடியாக இருக்கட்டும். ஒரு மணி நேரமே இருந்தால் ஆளுக்கு இரண்டு.

அடுத்தது வேகப் பாதை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று எண்ணாகவே சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேர செட்டுக்கு 121இல் தொடங்கி 129இல் முடிப்பது வசதியான பாதை. ஆறு, ஏழு நிமிட ட்ராக்கில் கலவைக்குப் போக நான்கரை நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த ட்ராக் நுழையும் என்று கணக்கிட்டால், இரண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 26 ட்ராக். அதாவது ஒரு ட்ராக்குக்கு 0.3 பிபிஎம் ஏறினால் போதும், யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, முதல் ட்ராக் யாருடையது, கடைசி ட்ராக் யாருடையது. இந்தப் பாதையில் தொடக்கம் டீப் ஹவுஸ் கைக்கும் முடிவு டெக்னோ கைக்கும் இயல்பாகப் போகும். இருவருக்கும் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். மேடையில் அந்தப் பேச்சு வந்தால் முகம் சுளிக்கும்.

யுஎஸ்பியும் ட்ராக் தேர்வும்

ஆளுக்கு 13 ட்ராக்தான் ஓடும் என்றாலும் 40 முதல் 50 வரை கொண்டுவாருங்கள். அதற்கு மேல் தேடவே நேரம் போய்விடும். அவற்றை மூன்று ஃபோல்டராகப் பிரியுங்கள்: உங்கள் வகையின் மென்மையான பகுதி, கடினமான பகுதி, பாலம்.

பாலம் ஃபோல்டர்தான் இந்தச் செட்டின் உயிர். 123 முதல் 127 பிபிஎம், குரல் இல்லாதது, முதல் 32 பாரும் (ஒரு பார் என்பது நான்கு அடி) கடைசி 32 பாரும் பெரும்பாலும் டிரம் மட்டும். இப்படிக் குறைந்தது 12 ட்ராக் ஆளுக்கு வேண்டும். எங்கே தேடுவது என்றால், டப் டெக்னோவில் தேடுங்கள். 1990களில் பெர்லினில் மோரிட்ஸ் ஃபொன் ஓஸ்வால்ட், மார்க் எர்னஸ்டஸ் இருவரும் பேசிக் சேனல் என்ற பெயரில் வளர்த்த வழி அது. எதிரொலியில் கரையும் ஒரே கார்டு, அடியில் டெக்னோ கிக். இரு பக்கத்துக்கும் சொந்தமான ஒலி. ராபர்ட் ஹூட் ஃப்ளோர்பிளான் என்ற பெயரில் வெளியிட்ட ஹவுஸ் சாய்ந்த டெக்னோவும் இதற்கு நல்ல ஊற்று.

கோப்பு வகையில் கவனம் தேவை. 320 கேபிபிஎஸ் எம்பி3 எந்தப் பிளேயரிலும் ஓடும். நஷ்டமில்லாத ஒலி வேண்டுமென்றால் ஏஐஎஃப்எஃப் பாதுகாப்பானது, கவர் படமும் தகவல்களும் கூடவே வரும். பழைய சிடிஜே (கிளப்புகளில் இருக்கும் டிஜே பிளேயர்) மாடல்கள் ஃப்ளாக் கோப்பைப் படிக்காது. சில டபிள்யூஏவி கோப்புகள் கணினியில் நன்றாக ஓடிவிட்டு, பிளேயரில் ஆதரவில்லாத கோப்பு என்று நின்றுவிடும். கோப்பின் தலைப்பகுதி வேறு வடிவில் எழுதப்பட்டிருப்பதே காரணம். யுஎஸ்பியை எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். ஆளுக்கு இரண்டு யுஎஸ்பி, இரண்டிலும் ஒரே சரக்கு. யுஎஸ்பிக்கு உங்கள் பெயரையே வையுங்கள், திரையில் எது யாருடையது என்று தெரியும்.

ட்ராக்குகளைத் தயார்செய்யும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் பீட் கிரிட்டை (அடிகள் விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) கண்ணால் சரிபாருங்கள். மென்பொருள் சில நேரம் 124ஐ 62 என்றோ 93 என்றோ படித்துவிடும். வினைலிலிருந்து பதிவு செய்த பழைய ஹவுஸ் ட்ராக்குகளில் வேகமே அலையும். வேகத்தைத் தானே சேர்த்துத் தரும் சிங்க் பட்டனை நம்பும் ஜோடிக்கு, ஒருவருடைய தவறான கிரிட் இன்னொருவருடைய கலவையைக் குலைத்துவிடும். சிங்க் பயன்படுத்துவதில் குறையொன்றும் இல்லை, கிரிட் சரியாக இருந்தால். ஒவ்வொரு ட்ராக்கிலும் மூன்று க்யூ (உடனே தாவிப்போக வைக்கும் குறி) போதும்: முதல் கிக், பேஸ் நுழையும் இடம், வெளியேறத் தொடங்கும் இடம்.

மேடையில் முதல் பத்து நிமிடம்

பிளேயர்கள் லேன் கேபிளால் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைந்திருந்தால் ஒரே யுஎஸ்பியை எல்லா டெக்கிலும் (ஒவ்வொரு பிளேயரும் ஒரு டெக்) திறக்கலாம். ஒவ்வொரு பிளேயருக்கும் தனி எண் இருக்க வேண்டும், இரண்டுக்கு ஒரே எண் இருந்தால் இணைப்பு வேலை செய்யாது. உங்கள் யுஎஸ்பி டெக் 1இல், பார்ட்னருடையது டெக் 2இல். செட் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.

நான்கு டெக் இருந்தால் 1, 3 ஒருவருக்கு, 2, 4 மற்றவருக்கு. இரண்டே டெக் என்றால் ஓடிக்கொண்டிருப்பது போக மற்றது எப்போதும் அடுத்து வாசிப்பவருடையது. மாஸ்டர் டெம்போ (வேகம் மாறினாலும் சுருதியை நிறுத்தி வைப்பது), குவாண்டைஸ் (க்யூவையும் லூப்பையும் அடியோடு ஒட்டவைப்பது), டெம்போ ரேஞ்ச் (வேகத்தை மாற்றக்கூடிய எல்லை) மூன்றையும் எல்லா டெக்கிலும் ஒரே மாதிரி வையுங்கள். டெம்போ ரேஞ்ச் ±6 சதவீதம் என்பது இந்த வேகங்களுக்குப் போதும், வேக ஃபேடரும் நுணுக்கமாக நகரும். ஒரு டெக் ±6, இன்னொன்று ±16 என்று இருந்தால், பழகிய தூரத்துக்கு ஃபேடரை நகர்த்தியவுடன் வேகம் தாவிவிடும்.

ஹெட்போன் ஆளுக்கு ஒன்று. டிஜேஎம்-ஏ9 போன்ற மிக்ஸரில் இருவரும் தனித்தனியாக க்யூ கேட்கலாம் (அடுத்த ட்ராக்கை ஹெட்போனில் மட்டும் கேட்பதற்கும் இதே பெயர்தான்). பெரும்பாலான மிக்ஸர்களில் அது முடியாது, இரண்டு ஹெட்போன் துளை இருந்தாலும் இரண்டிலும் ஒரே ஒலிதான். அப்படியென்றால் க்யூ பட்டன்கள் வாசிப்பவருக்கு மட்டும் சொந்தம். பார்ட்னர் திரையில் ட்ராக் தேடலாம், க்யூவை அழுத்தக் கூடாது.

பூத் மானிட்டர் (டிஜேக்காக அருகிலேயே வைக்கும் ஸ்பீக்கர்) இல்லாமல் தூரத்து ஸ்பீக்கரை நம்பி பீட் சேர்க்காதீர்கள். ஒலி ஒரு நொடியில் 343 மீட்டர்தான் போகும். ஏழு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி 20 மில்லிசெகண்ட் தாமதமாக வரும், நீங்கள் அந்தத் தாமதத்தோடு சேர்த்துவிடுவீர்கள். மானிட்டர் இல்லையென்றால் இரண்டு ட்ராக்கையும் ஹெட்போனிலேயே கேட்டுச் சேருங்கள். மானிட்டர் இருந்தால், கலக்கும்போது மட்டும் ஏற்றி, முடிந்ததும் இறக்குங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிடத்தில் அதே அளவுச் சுமையைப் பெற்றுவிடுகிறது. காதடைப்பான் இருவருக்கும் அவசியம்.

ஒரு கைமாற்றம், படிப்படியாக

டீப் ஹவுஸ் 124இல் ஓடுகிறது, டெக்னோ நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். விதி ஒன்று: நுழைகிறவர்தான் மிக்ஸரை இயக்குவார், வெளியேறுகிற சேனலையும் சேர்த்து. மற்றவர் கையை எடுத்துவிட வேண்டும். ஒரே கலவையில் நான்கு கை விளையாடினால் இருவருமே பேஸைக் குறைத்துவிடுவார்கள், அல்லது இருவருமே குறைக்காமல் விடுவார்கள்.

1. வெளியேறுகிறவர் தன் எஃபெக்டையும் ஃபில்டரையும் அணைத்து, இக்யூவை நடுவுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார். இது நடக்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

2. நுழைகிறவர் ட்ராக்கை ஏற்றி, அதன் மிகச் சத்தமான இடத்துக்குப் போய் ட்ரிம் (சேனலுக்குள் வரும் ஒலியின் அளவு) வைக்கிறார். அளவுமானி 0 டெசிபல் அருகே நிற்க வேண்டும், உச்சத்தில் கொஞ்சம் மேலே போகலாம், சிவப்பைத் தொடக் கூடாது. அண்மைக் கால டெக்னோ பழைய டீப் ஹவுஸைவிட மிகச் சத்தமாக மாஸ்டர் செய்யப்பட்டிருக்கும். அறிமுகப் பகுதியைக் கேட்டு ட்ரிம் வைத்தால் கிக் நுழையும்போது கூரை பிளக்கும்.

3. வேகத்தைச் சேர்க்கிறார். 125 பிபிஎம்மில் 0.1 பிபிஎம் வித்தியாசம் ஒரு நிமிடத்தில் 48 மில்லிசெகண்டாக விலகும். ஹெட்போனில் 30 நொடியாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

4. லோ முழுக்க மூடியபடி, டீப் ஹவுஸின் புதிய 16 பார் பகுதி தொடங்கும் முதல் அடியில் டெக்னோவை விடுகிறார். சேனல் ஃபேடரை மெதுவாக, 16 பார் முழுக்க ஏற்றுகிறார். 125இல் 16 பார் என்பது சுமார் 31 நொடி. பதறாத அளவுக்கு நீண்டது.

5. அடுத்த 16 பாரில் டீப் ஹவுஸின் ஹையைச் சற்றுக் குறைத்து டெக்னோவின் ஹை-ஹாட்டுக்கு இடம் கொடுக்கிறார். கார்டுகள் இன்னும் டீப் ஹவுஸிலிருந்தே வருகின்றன. இந்த அரை நிமிடம்தான் இந்த இரு வகைகளும் சேர்ந்து கிடைக்கும் இனிப்பு. அவசரப்படாதீர்கள். கார்டு, டெக்னோவின் டிரம் மேல் மிதந்தபடி இருக்கட்டும், நன்றாக இருந்தால் 8 பார் லூப் போட்டு நீட்டலாம்.

6. அடுத்த பகுதியின் முதல் அடியில் பேஸ் மாற்றம்: டீப் ஹவுஸின் லோ கீழே, டெக்னோவின் லோ மேலே, ஒரே நேரத்தில். பாதி பாதியாக வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் கிக்கின் ஓர் அலை 20 மில்லிசெகண்ட் நீளம், இரண்டு கிக்கும் 10 மில்லிசெகண்ட் விலகினாலே ஒன்றையொன்று தின்று, அடி மெலிந்துபோகும். 0.1 பிபிஎம் வித்தியாசத்தில் அது 13 நொடிக்குள் நடந்துவிடும்.

7. 16 பாருக்குள் டீப் ஹவுஸை முழுக்க எடுத்துவிட்டு, அந்தச் சேனலின் இக்யூவை நடுவுக்குத் திருப்பி வைக்கிறார்.

எதிர்த்திசையில், டெக்னோவிலிருந்து டீப் ஹவுஸுக்கு வருவது கடினம். பேஸ் மாற்றியவுடன் அடித்தளமே காணாமல் போனது போலத் தோன்றும், ஏனென்றால் உறுமல் நிரப்பிய இடத்தை மெல்லிய பேஸ்லைன் நிரப்பாது. டெக்னோவின் பிரேக்டவுன் வரை காத்திருங்கள். கிக் இல்லாத அந்த 16 பாரில் டீப் ஹவுஸின் கார்டைக் கொண்டுவந்து, கிக் திரும்ப வேண்டிய அடியில் டீப் ஹவுஸின் கிக்கையும் பேஸ்லைனையும் விடுங்கள். நடுவில் அந்த 30 நொடி அமைதி இருந்ததால் காது பழைய கனத்தை ஒப்பிட்டுப் பார்க்காது.

வேகமும் சுருதியும் சேர்ந்து செய்யும் குழப்பம்

சுருதியைக் குறிக்கும் கேமலாட் எண் பார்த்துக் கலப்பவர்கள் பலர். 8ஏ என்றால் ஏ மைனர். அதனோடு 7ஏ, 9ஏ, 8பி சேரும். ஆனால் அந்த எண் ட்ராக்கின் அசல் வேகத்துக்கு உரியது. மாஸ்டர் டெம்போ அணைந்திருந்தால் வேகம் மாறும்போது சுருதியும் மாறும், ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு ஒரு அரை சுரம். 122 பிபிஎம் டீப் ஹவுஸை 126க்கு ஏற்றினால் 3.3 சதவீதம் மேலே. 130 பிபிஎம் டெக்னோவை 126க்கு இறக்கினால் 3.1 சதவீதம் கீழே. இரண்டிலும் 8ஏ என்று எழுதியிருந்தாலும் இப்போது அவற்றுக்கு நடுவே ஒரு அரை சுரத்துக்கும் மேல் இடைவெளி. மிக மோசமான மோதல் அதுதான்.

மாஸ்டர் டெம்போவைப் போட்டால் சுருதி நிற்கும். விலையாகக் கிக்கின் முனை கொஞ்சம் மழுங்கும். 4 சதவீதத்துக்குள் பெரிய பாதிப்பு இல்லை, அதற்கு மேல் குரலும் ஹை-ஹாட்டும் கரகரக்கும். இந்த வகைச் செட்டுக்கு மாஸ்டர் டெம்போவைப் போட்டு வைப்பதே நல்லது. கூடவே இன்னொரு விஷயம்: மைனர் ஏழாம், ஒன்பதாம் கார்டுகள் நிறைந்த டீப் ஹவுஸ் ட்ராக்கோடு, சுரமே இல்லாத டிரம் டெக்னோ எதுவும் சேரும். எண் பார்க்க வேண்டியது இரண்டிலும் மெலடி இருக்கும்போது மட்டும்.

வேகத்தை ஏற்றுவதற்கு நல்ல இடம், ஒரே ட்ராக் தனியாக ஓடும் நேரம். இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஏற்றாதீர்கள். வேக ஃபேடரை ஒரு நிமிடத்துக்கு 0.3 பிபிஎம் என்ற அளவில் நகர்த்தினால் போதும்.

அடிக்கடி கெடும் இடங்கள்

பார்ட்னர் ஒரு பெரிய ட்ராக் போட்டால், அதைவிடப் பெரியதாகப் போட வேண்டும் என்ற உந்துதல் வரும். அரை மணி நேரத்தில் இருவரும் உச்சத்தில் நின்று, மேலே போக இடமில்லாமல் தவிப்பீர்கள். பெரிய ட்ராக்குக்குப் பிறகு ஒரு பாலம் ட்ராக் போடுங்கள்.

பார்ட்னரின் ட்ராக் இரண்டே நிமிடம் ஓடியதும் கலக்கத் தொடங்குவது இன்னொன்று. டீப் ஹவுஸில் முக்கியமான கார்டு மாற்றம் பல நேரம் நான்காம் நிமிடத்தில்தான் வரும். "இதில் எது வரை விடட்டும்?" என்று கேட்டுவிடுங்கள். மேடைச் சத்தத்தில் கத்த வேண்டாம், இரண்டு சைகை போதும்: ஒரு விரல் என்றால் இன்னும் ஒரு ட்ராக் எனக்கு வேண்டும், திறந்த உள்ளங்கை என்றால் இப்போது நீ எடு.

மூன்றாவது, யுஎஸ்பி. இணைக்கப்பட்ட பிளேயர்களில், டெக் 1இல் செருகிய யுஎஸ்பியிலிருந்து டெக் 3 ஓடிக்கொண்டிருக்கலாம். டெக் 1 சும்மா இருக்கிறதே என்று உருவினால் டெக் 3இன் ட்ராக் அவசர லூப்பில் சிக்கும், அல்லது நிற்கும். எந்த டெக்கும் அந்த யுஎஸ்பியைப் பயன்படுத்தவில்லை என்று திரையில் பார்த்து, யுஎஸ்பி ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்து, விளக்கு அணைந்த பிறகே எடுக்க வேண்டும்.

ஒத்திகை

ஒருமுறையாவது முழு நீளத்துக்குச் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். ட்ராக் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம், அது பேக் டு பேக்கின் உயிரையே எடுத்துவிடும். பதிவில் கைமாற்ற இடங்களை மட்டும் கேளுங்கள்: கிக் மெலிந்ததா, ஹை-ஹாட் தடுமாறியதா, சத்தம் தாவியதா. தொடர்ந்து தடுமாறும் ட்ராக்குகளைப் பாலம் ஃபோல்டரிலிருந்து நீக்கிவிடுங்கள். பிறகு யுஎஸ்பிகளை மாற்றிக்கொண்டு அரை மணி வாசியுங்கள்: டெக்னோக்காரர் பார்ட்னரின் டீப் ஹவுஸையும், அவர் இவருடைய டெக்னோவையும். எந்த ட்ராக்கிலிருந்து வெளியேறுவது கஷ்டம் என்று அப்போது தெரியும்.

செட்டின் கடைசி 20 நிமிடத்தில் முறையைத் தளர்த்தி ஆளுக்கு ஒன்றாக மாறலாம். வேகம் அப்போது ஒரே இடத்தில் நிலைத்திருக்கும், இருவருக்கும் பாலம் ட்ராக் மிச்சம் இருக்கும், கையும் பழகியிருக்கும். உங்களுக்குப் பின் இன்னொரு டிஜே வருகிறார் என்றால் கடைசி ட்ராக்கின் வேகத்தை அவரிடம் முன்பே சொல்லுங்கள், ஒரு டெக்கைக் காலியாக விட்டு அதன் சேனலை நடுவில் வைத்துக் கொடுங்கள், அவருடைய ட்ராக் முழுக்க நுழைந்த பிறகே உங்கள் யுஎஸ்பிகளை எடுங்கள்.